மூன்று கட்டைச் சுருதி

வேளங்குளம் பல்கலைக்கழக இசைப்பள்ளியில் யாராவது பாடினால் சுரம் செத்துத் தரையில் விழுந்தது.

எல்லாச் சுரமும் இல்லை. இடம் தப்பிய சுரம் மட்டும். பாடுகிறவரின் வாய்க்கு ஒரு முழம் முன்னால் வெறுங்காற்றில் அது திரண்டு, ஒரு நொடி நின்று, பொத்தென்று கீழே விழும். கட்டைவிரல் பருமன். சாம்பல் நிறம். தோல் உரித்த பல்லிக்குஞ்சு மாதிரி ஈரமாக இருக்கும், கண் கிடையாது, கால் கிடையாது. காந்தாரம் என்றால் கொஞ்சம் நீலம் பாரித்திருக்கும், நிஷாதம் என்றால் மஞ்சள். காலையில் விழுந்தது மத்தியானத்துக்குள் நாற ஆரம்பித்துவிடும், வெயிலில் மறந்து வைத்த இறால் பை மாதிரி. எறும்பு அண்டாது. காக்கை கொத்தாது. நாய் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, பிறகு அந்தக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போகும்.

காரணம் கேட்பவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம். அதற்கு மேல் அந்தக் காரணத்துக்கு யோக்கியதை இல்லை. பாடுகிற ஒவ்வொருவர் தொண்டைக்கும் ஒரு இருப்பிடம் உண்டு. அந்த உயரத்தைக் கட்டை என்று எண்ணிச் சொல்வார்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரு கட்டை, பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. எண் பெரிதானால் சுருதி உயரம், அவ்வளவுதான். அது மார்க்கும் இல்லை, பதவியும் இல்லை. ஒரு மாணவனின் தகப்பனார் புகார் எழுதினார்: என் மகனுக்கு ஒரே ஒரு கட்டை கொடுத்திருக்கிறீர்கள், பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு ஐந்தரைக் கட்டை கொடுத்திருக்கிறீர்கள், இது பாரபட்சம். தேர்வுப் பிரிவு நடுங்கியது. துணைவேந்தர் கதிரேசன் புள்ளியியல் பேராசிரியர். ஒன்றையும் ஐந்தரையையும் கூட்டினார், இரண்டால் வகுத்தார், மூன்றேகால் வந்தது, காலைத் தள்ளினார். மூன்று. இனி எல்லாரும் மூன்று கட்டையில்தான் படிக்க வேண்டும், தேர்வெழுத வேண்டும். பெயர், பொதுச் சுருதி. பெண்களுக்குக் கீழே எட்டாது, ஆண்களுக்கு மேலே எட்டாது, ஆனால் யாருக்கும் அநியாயம் இல்லை. பாடத்திட்டக் குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் பாட்டுக்காரர்கள். ஏழு பேருக்கும் இது கோணல் என்று தெரியும். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

முதல் கையெழுத்து வாய்ப்பாட்டுத் துறைத் தலைவர் சிதம்பரவல்லியுடையது. மிரட்டினார்கள் என்று சொன்னால் அவளுக்குக் கௌரவமாக இருக்கும். யாரும் மிரட்டவில்லை. மூன்றே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்தரைக்கு. அதனால் போட்டாள்.

மறுவாரம் பள்ளியின் பதினாறு சுருதிப் பெட்டிகளும் மூன்று கட்டையில் வைக்கப்பட்டு, திருகும் குமிழின் மேல் அரக்கு ஊற்றி, பதிவாளர் சபாபதி கையால் பல்கலைக்கழக முத்திரை குத்தப்பட்டு, கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்பட்டன. சத்தம் மட்டும் கம்பி வழியாக ஒவ்வொரு வகுப்புக்கும் வந்தது.

முதலில் விழுந்தது சிதம்பரவல்லியிடமிருந்துதான். திங்கட்கிழமை, இரண்டாமாண்டு வகுப்பு. "இப்படிப் பாடணும், கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவள் காந்தாரத்தில் நின்றாள். அவளுடைய ஐந்தரைக் கட்டைக் குரல் மூன்றுக்குள் இறங்கி, பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்த பெரிய ஆள் மாதிரி முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்தது. மடிக்கு முன்னால் ஏதோ விழுந்தது. மாணவர்கள் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கைக்குட்டையால் அதைப் பொத்தி எடுத்தாள். துணி வழியாகவும் அது சில்லென்று, கொழகொழவென்று இருந்தது. இடைவேளையில் கழிப்பறையில் போட்டு நான்கு வாளி தண்ணீர் ஊற்றினாள். போகவில்லை. ஐந்தாவது வாளிக்குப் போயிற்று. அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அன்றைக்கே வாயை மூடினவள்தான். அதற்குப் பிறகு வகுப்பில் பாடிக் காட்டவே இல்லை, "நோட்ஸ் எழுதிக்கோங்க" என்பதோடு சரி. இருபத்தாறு வருஷம் பாடிப் பாடிச் சொல்லிக்கொடுத்த வாய்.

அவள் மறைத்தது இரண்டு நாள்தான் தாங்கியது. புதன்கிழமை மூன்றாமாண்டு வகுப்பில் ஒரே ஆலாபனையில் முப்பத்தெட்டு விழுந்தன. பெருக்க வந்த அந்தோணியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"டீச்சரம்மா, இது என்ன எழவு?"

"தெரியல" என்றாள் சிதம்பரவல்லி.

"பாட்டு வகுப்புன்னுதான சொன்னாங்க? மீன் மார்க்கெட் இதைவிடச் சுத்தமா இருக்கும். எனக்கு இன்னொரு வாளி வேணும். சொல்லிட்டேன்."

வாளி வந்தது. வாளிதான் இந்தக் கதையில் உடனே வந்த ஒரே பொருள்.

பிறகு நடந்ததைச் சொல்ல வாய் கசக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். முதல் மாதம் பொதுப்பணித் துறைக்காரர்கள் வந்து அண்ணாந்து பார்த்து, கூரையில் ஒழுக்கு என்று எழுதிவிட்டுப் போனார்கள். இரண்டாம் மாதம் விலங்கியல் துறை நான்கு பிணங்களைச் சீசாவில் ஊறவைத்துப் பார்த்து, இதற்கு இரத்தமும் இல்லை, குடும்பமும் இல்லை, எங்கள் துறையைச் சேர்ந்ததில்லை என்று உறையிட்ட கடிதத்தோடு சீசாவைத் திருப்பி அனுப்பியது. மூன்றாம் மாதம் மொழித் துறைக்கு அனுப்ப, அவர்கள் இதற்கு நல்ல பெயராக ஒன்று வேண்டுமென்று கருத்தரங்கு கூட்டி, 'சுரவீழ்வு' என்று பெயர் வைத்து, மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பிட்டுக் கலைந்தார்கள். நான்காம் மாதம் சேர்க்கைக் கையேட்டில், ஒரு மாணவருக்கு ஒரு வாளி, மூடியுடன், சொந்தமாகக் கொண்டுவர வேண்டும் என்று அச்சடித்தார்கள். ஐந்தாம் மாதம் வெறுங்காலோடு வகுப்புக்குள் போகும் வழக்கத்தைக் கைவிட்டு ரப்பர் செருப்புப் போட அனுமதி கொடுத்தார்கள். ஆறாம் மாதம் பெண்கள் துப்பட்டாவை இரண்டு பக்கமும் பிடித்து வாய்க்கு முன்னால் தொட்டில் மாதிரி விரித்துக்கொண்டு பாடக் கற்றார்கள், ஆண்கள் குடையைக் கவிழ்த்துப் பிடித்துக் கற்றார்கள். ஒரு வருஷம் முடியும்போது எல்லாருக்கும் எல்லாம் பழகிவிட்டது.

பழகியதுதான் அருவருப்பு. நாற்றம் பிறகு.

பேருந்து நிறுத்தத்தில் இறங்கும் பெண்கள் ஒரு கையில் பாட்டு நோட்டும் மறுகையில் வாளியுமாக வருவதைப் பார்த்து எதிர்த்த டீக்கடைக்காரர், "என்னம்மா, இன்னிக்கு எவ்வளவு பாட்டு?" என்று கேட்பார். "அரை வாளி அண்ணாச்சி" என்று அவர்களும் சொல்வார்கள். ஊரில் யாராவது கூட்டத்தில் உளறினால், "இவரை இசைப்பள்ளிக்குள்ள நிறுத்துங்கப்பா, லாரி வேணும் அள்ள" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நிறைய விழுகிறவன் வருத்தப்படுவதும் நின்றுபோய், "நேத்து எழுபது!" என்று பீற்றிக்கொள்ளுமளவுக்கு வந்தது. தேர்வுத் தாளில் விழுந்த எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் சேர்த்தார்கள். இருபது வரை விழலாம், பாஸ்.

அப்படியும் காந்தாரமும் நிஷாதமும்தான் அதிகம் விழுகின்றன என்று கணக்கெடுப்பில் தெரிந்ததால், ஆட்சிக்குழு கூடி, அந்த இரண்டு சுரங்களையும் விருப்பப் பாடமாக்கியது. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் ஐந்து சுரம் போதும். சிதம்பரவல்லி அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். முந்திரி பக்கோடா கொடுத்தார்கள். எடுக்கவில்லை. அந்த மட்டும்.

பல்கலைக்கழகத்தில் யாரும் கவனிக்காத ஒன்றை அவள் கவனித்திருந்தாள். கவனிக்க மறுத்த ஒன்று என்று சொல்ல வேண்டும். மதில் சுவருக்கு வெளியே எதுவும் விழவில்லை. இதே பிள்ளைகள் கோயிலில் பாடுகிறார்கள், கல்யாணத்தில் பாடுகிறார்கள், குளிக்கும்போது பாடுகிறார்கள்; அவரவர் குரலில், அவரவர் கட்டையில். ஒன்றும் விழுவதில்லை. ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் எங்கிருந்தோ துணிச்சல் வந்து அவள் துணைவேந்தர் அறைக்குப் போனாள். பதிவாளர் சபாபதியும் இருந்தார்.

"சொல்லுங்க மேடம்" என்றார் கதிரேசன்.

"சார், வெளியில பாடினா விழல."

"எது?"

"அதுதான் சார். நம்ம பிள்ளைங்களே வீட்டுல பாடுதாங்க, ஒண்ணும் விழல. இந்த மூணு கட்டையில பாடினாத்தான் விழுது."

கதிரேசன் சிரித்தார். நல்ல பல்வரிசை. "வெளியில பாடுறதுக்கு நம்மகிட்ட டேட்டா இருக்கா மேடம்?"

"காதால கேக்கலாமே சார்."

"காது டேட்டா ஆகாதுங்க. பதினோரு யுனிவர்சிட்டி நம்ம பொதுச் சுருதியைப் பார்க்க வரேன்னு எழுதியிருக்கு. இந்த நேரத்துல நீங்க..."

சபாபதி ஒரு கோப்பைப் பிரித்து மேசையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். "தீர்மானத்துல முதல் கையெழுத்து யாருதுங்க மேடம்? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

அவள் பார்த்தாள். அழகான கையெழுத்து. அவசரத்தில் போட்டதென்று யாரும் சொல்ல முடியாது.

"வாசனை ஒரு பிரச்சினைதான். நான் ஒத்துக்கிறேன்" என்றார் கதிரேசன், பெருந்தன்மையாக. "யோசிச்சு வச்சிருக்கேன். பாடினாத்தானே விழுது?"

"ஆமா சார்."

"அப்ப பாட வேண்டாமே."

அதைத்தான் அவர் திட்டமாக்கி வைத்திருந்தார். ஜூன் மாதத்திலிருந்து வாய்ப்பாட்டுத் துறை மூடப்படும். பகல் வகுப்பு நூற்றுப் பத்துப் பேர், மாலைநேரப் பட்டயத்தில் இருபத்திரண்டு பேர், எல்லாரும் 'இசைத் தகவல் மேலாண்மை' என்ற புதிய படிப்புக்கு மாற்றப்படுவார்கள். பாட்டைப் பற்றி எழுதலாம், பட்டியல் போடலாம், படம் வரைந்து பாகம் குறிக்கலாம். வாய் திறக்க வேண்டியதில்லை. அந்தப் படிப்புக்கும் சிதம்பரவல்லிதான் தலைவர். ஓய்வு பெற இன்னும் ஐந்து வருஷம். ஐந்து வருஷமும் அந்தக் கட்டடத்தில் ஒரு சுரம் கேட்காது, அவளுடையது உட்பட. ஒரே ஒரு தடை இருந்தது. ஏப்ரலில் தர ஆய்வுக் குழு வருகிறது, அவர்கள் சரியென்று எழுத வேண்டும். ஆய்வுக் குழுவுக்கு நாற்றம் பற்றி மொட்டைக் கடிதம் போயிருந்ததால் அவர்களும் ஒரு நிபந்தனை எழுதினார்கள்: செய்முறைத் தேர்வை நாங்கள் நேரில் பார்ப்போம், பாடுகிறவர் முன்னால் வெள்ளைத் துணி விரிக்க வேண்டும், ஒன்று விழுந்தாலும் துறையை மூடலாம், ஒன்றும் விழாவிட்டால் துறை தொடரும்.

"விழும் மேடம். கவலைப்படாதீங்க" என்றார் சபாபதி, வழியனுப்பும்போது.

வெளியே வந்தவள் தாழ்வாரக் குழாயில் கையைக் கழுவினாள். கையெழுத்துப் போட்ட கையை.

மார்ச் கடைசியில் மாலைநேர வகுப்புக்கு ஆசிரியர் வராததால் அவளே போனாள். அந்த மாணவர்களைப் பகல்நேரக்காரர்கள் 'சாயங்காலக் கூட்டம்' என்பார்கள். முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. வேலை முடிந்து வருகிறவர்கள். பஸ் நடத்துநர் ஒருவர், இரண்டு நர்ஸுகள், ஒரு தையல்காரர். முன்வரிசையில் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, ரேஷன் கடை எடையாளர், புடவை ஓரத்திலெல்லாம் அரிசித் தவிடு. அவள் பாடினாள். மூன்று விழுந்தன. குனிந்து அவற்றை உற்றுப் பார்த்தாள். பிறகு அலமாரியைப் பார்த்தாள்.

"டீச்சர், அந்தப் பொட்டிக்கு எதுக்குச் சீல் வச்சிருக்கு?"

"யாரும் மாத்தக் கூடாதுன்னு."

"மாத்தினா என்ன?"

"விதி அப்படி."

"உங்களுக்கு அது ஆகுதா?"

சிதம்பரவல்லிக்கு எரிச்சல் வந்தது. "பாடத்தைக் கவனிங்க."

"அதைத்தான் டீச்சர் கவனிக்கேன். மூணு மாசமா எங்க வீட்டுல எல்லாத்தையும் சரியாப் பாடுதேன். இங்க வந்தா நாறுது." அவள் மூன்றையும் காகிதத்தில் சுருட்டிக்கொண்டாள். "சரி விடுங்க. பெரியவங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் கடைசி வார்த்தையை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் குத்தியது.

ஆய்வு நாள் வந்தது. கட்டடம் முழுக்க மூன்று நாள் பினாயில் ஊற்றிக் கழுவி, ஜன்னலெல்லாம் மல்லிகைச் சரம் தொங்கவிட்டு, அந்தோணியம்மாளையும் அவள் வாளிகளையும் பின்கட்டில் ஒளித்துவைத்து, தேர்வுக்கூடத்தின் நடுவில் ஜமுக்காளம் விரித்து, அதன் முன்னால் எட்டு முழ வெள்ளை வேட்டித் துணியை இழுத்து நான்கு மூலைக்கும் கல் வைத்தார்கள். துணைவேந்தர் பெருமைக்காக ஒரு சுருதிப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து, சிறு மேசையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டிருந்தார். குமிழின் மேல் அரக்கு சிவப்பாக, காய்ந்த இரத்தம் மாதிரி இருந்தது. பெட்டி மூன்று கட்டையில் முனகிக்கொண்டிருந்தது.

ஆய்வுக் குழுவில் மூன்று பேர். தலைவி வயதானவர், வெளுத்த கதர்ப் புடவை, சிரிக்காத முகம். சிதம்பரவல்லி அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் முந்தின நாளே தன் பிள்ளைகளிடம் இரகசியமாகச் சொல்லியிருந்தாள்: சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பாடுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். அந்த இரண்டும் சுலபத்தில் தவறாது. துறையைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். யோசித்துப் பார்த்தால் அதுவும் கதிரேசன் கணக்கு மாதிரிதான்.

முதல் மாணவன் வந்தான். "ஸா" என்றான். "பா" என்றான். மேலே "ஸா" என்றான். கும்பிட்டுவிட்டு எழுந்தான். துணி வெள்ளையாக இருந்தது. இரண்டாவது பெண்ணும் அப்படியே. மூன்றாவது பையனும் அப்படியே.

"இது என்ன, பாட்டா?" என்றார் குழுத் தலைவி. "மூணு வருஷப் படிப்புல இதுதான் வந்துச்சா? ஒரு கல்யாணி பாடச் சொல்லுங்க."

 கல்யாணி ராகத்தில் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? மூன்று கட்டையில் கல்யாணி என்றால் அந்த வெள்ளைத் துணி போதாது, தார்ப்பாய் வேண்டும். சபாபதி துணைவேந்தரைப் பார்த்தார். துணைவேந்தர் முகம் மலர்ந்தது.

"நிச்சயமா மேடம். எங்க சமூகப் பொறுப்பையும் நீங்க பார்க்கணும். ரேஷன் கடையில வேலை பார்க்கிற ஒரு அம்மா, எங்க மாலைநேர மாணவி. அவங்களையே பாடச் சொல்றேன்."

யாரைக் கூப்பிட்டால் நிறைய விழும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

அவள் கடையிலிருந்து நேராக வந்திருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள். சுருதிப் பெட்டியை ஒரு நிமிஷம் கேட்டாள்.  இன்னொரு நிமிஷமும் கேட்டாள்.

சிதம்பரவல்லிக்கு எல்லாம் தெரிந்தது. இந்தப் பெண் வாய் திறந்ததும் விழும், துணியில் நீலமாக ஒன்று கிடக்கும், தலைவி எழுதிக்கொள்வார், ஜூனில் கதவு சாத்தப்படும். இப்போது எழுந்து, சுருதி தப்பு, நான்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால் போதும். ஒரே வாக்கியம். அவள் உதட்டைப் பிரித்தாள். தொண்டைக்குள் ஏதோ சில்லென்று, கொழகொழவென்று அடைத்தது. மூடிக்கொண்டாள்.

"பாடுங்கம்மா" என்றார் கதிரேசன். "பயப்படாதீங்க."

"பயமெல்லாம் இல்ல சார். இது எனக்கு ஆகாது."

"எது?"

"இந்தச் சுருதி. மெஷின் பூஜ்யத்துல நிக்காம நான் ஒரு நாளும் அரிசி போட்டதில்ல. போட்டா கார்டுக்காரங்க அடிக்க வருவாங்க. அதுல நியாயம் இருக்கு." அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். "ஒரு நிமிஷம் இருங்க."

அரக்கின் ஓரத்தில் ஊசியை விட்டு நெம்பினாள்.

"ஏம்மா! ஏய்!" சபாபதி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "முத்திரைம்மா அது! யுனிவர்சிட்டி முத்திரை! கை வச்சா கேஸு!"

"முத்திரையா?" அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மாசம் நூத்தம்பது மூட்டை வருது சார், எல்லாத்துலயும் முத்திரைதான். அறுக்காம எப்படி அளக்க?"

டொக்கென்று அரக்கு பெயர்ந்து சந்தனக் கிண்ணத்தில் விழுந்தது. குமிழைத் திருகினாள். மூன்றரை, நான்கு, நாலரை. பெட்டி முனகலை விட்டு மெல்ல மெல்ல மேலேறி, ஐந்தில் வந்து நின்றது. அவள் தலையாட்டினாள், முள் சரியாக நின்றது என்கிற மாதிரி.

பிறகு கல்யாணி பாடினாள். பிரமாதம் என்று சொல்வதற்கில்லை. மூச்சுக் கொஞ்சம் போதவில்லை, வேகமாக உருள வேண்டிய பிருகாக்களில் அவசரம் இருந்தது. ஆனால் அவள் காந்தாரத்தில் போய் நின்றபோது, அந்தக் கட்டடத்தில் ஒன்றரை வருஷமாகச் செத்துச் செத்து விழுந்த அதே காந்தாரம், அவள் வாய்க்கு ஒரு முழம் முன்னால் வந்து, நின்று, விழாமல், அப்படியே கூடத்தின் குறுக்கே நடந்து ஜன்னல் வழியாக வெளியே போனது, டீக்கடைக்காரர் தலையைத் திருப்பிப் பார்க்குமளவுக்கு. அதன் பின்னால் நிஷாதம் போனது. அதன் பின்னால் வரிசை வரிசையாக எல்லாம் போயின. துணி வெள்ளையாக இருந்தது. மல்லிகைச் சரத்தின் வாசனையை எல்லாரும் அப்போதுதான் உணர்ந்தார்கள்.

குழுத் தலைவி எழுந்து வந்து, குனிந்து, துணியைக் கையால் தடவிப் பார்த்தார். "அடுத்தவங்களையும் பாடச் சொல்லுங்க. பெட்டியை அவங்கவங்களே வச்சுக்கட்டும்" என்றார். முதலில் பாடிய பையன் வந்து ஒன்றுக்குத் திருகினான். விழவில்லை. ஒரு பெண் வந்து ஐந்தரைக்குத் திருகினாள். விழவில்லை. மத்தியானம் வரைக்கும் பாடினார்கள்.

கதிரேசன் சுதாரித்துக்கொண்டார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. "இதுதாங்க எங்க இரண்டாம் கட்டம்" என்று குழுவோடு சாப்பாட்டுக்கு நடந்துகொண்டே சொன்னார். "தனிநபர் சுருதித் திட்டம். இன்னிக்கு ஒரு சோதனை ஓட்டம் பார்த்தோம்."

கூடம் காலியானபிறகு சிதம்பரவல்லி மட்டும் இருந்தாள். பெட்டியை ஐந்தரைக்குத் திருகினாள். பாடினாள். ஒன்று விழுந்தது.

எதிர்பார்த்ததுதான். இதற்குப் பெட்டி பொறுப்பில்லை, தீர்மானம் பொறுப்பில்லை. ஒன்றரை வருஷம் பாடாத தொண்டை. பின்கட்டிலிருந்து சத்தம் கேட்டு அந்தோணியம்மாள் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள். "இன்னும் நிக்கலயா டீச்சரம்மா இந்த எழவு?" என்றாள். "இது என்னோடது. குடு" என்று துடைப்பத்தை வாங்கித் தானே அள்ளி, தானே தரையைக் கழுவிவிட்டு, மறுபடி உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்தோணியம்மாள் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள். நாலாவது தடவைக்கு மேல் எதுவும் விழவில்லை.

மறுநாள் காலை சபாபதி அறிக்கைப் படிவம் கொடுத்தனுப்பினார். ஆய்வுக் குழு துறை தொடரலாம் என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு கேள்வி கேட்டிருந்தது: குறையைச் சரிசெய்தவர் யார், பெயரும் பொறுப்பும் குறிப்பிடவும். அந்தக் கட்டத்தில் சபாபதியே பென்சிலால் எழுதியிருந்தார்: துணைவேந்தர் தலைமையிலான உயர்மட்டக் குழு. துறைத் தலைவர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

சிதம்பரவல்லி ரப்பரை எடுத்து அழித்தாள். பேனாவைத் திறந்தாள். அப்போதுதான் உறைத்தது, அந்தப் பெண்ணின் பெயர் அவளுக்குத் தெரியாது. சாயங்காலக் கூட்டம். பெயர்ப் பட்டியலைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. படிவத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பதினொரு மணி வெயிலில், பல்கலைக்கழக வாசலைத் தாண்டி ரேஷன் கடைக்கு நடந்தாள். சர்க்கரை போடும் நாள். வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. நேராகக் கடை வாசலுக்குப் போனாள்.

"டீச்சர், வரிசையில வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நான் வாங்க வரல. ஒண்ணு கேக்கணும்."

"எல்லாரும் ஒண்ணு கேக்கத்தான் நிக்காங்க."

வரிசை சிரித்தது. சிதம்பரவல்லி கடைசியில் போய் நின்றாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் முறை வந்தபோது எடை மெஷினில் சிவப்பு எழுத்தில் பூஜ்யம் நின்றிருந்தது.

"கார்டு இருக்கா?"

"இல்ல. உங்க பேரு வேணும்."

"கேஸா போட்டுருக்காங்க?"

"இல்ல. யார் சரிசெஞ்சதுன்னு கேட்டிருக்காங்க. எழுதணும்."

எடையாளர் சர்க்கரைக் கரண்டியைக் கீழே வைத்தாள். படிவத்தை வாங்கிப் படித்தாள், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்துப் பேரைச் சொன்னாள். "இன்ஷியல் விட்டுடாதீங்க. எங்க அப்பா பேரு வெங்கிடசாமி" என்றாள். பின்னால் நின்றவர்கள் நகருங்கள் என்று கத்த ஆரம்பித்தார்கள். சிதம்பரவல்லி படிவத்தைக் கல்லாப் பலகையில் வைத்து, அவசரப்படாமல், கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி எழுதினாள்:

வெ. ஜக்கம்மாள், ரேஷன் கடை எடையாளர்.